லைன் மூன்றின் சிவப்பு அட்டை

போன மாதம் ஓய்வு பெற்றேன். ஒரகடத்தில் கார்களுக்கு ஒயரிங் செய்து கொடுக்கும் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடராக இருந்தேன். பிறகு லைனையும் பார்த்துக்கொண்டே ஷிப்ட் இன்சார்ஜாகவும் ஆனேன். கடைசிச் சில வருடங்கள் பயிற்சி அறையில் புதுப் பெண்களுக்கு வேலை சொல்லிக் கொடுத்தேன். வழியனுப்பு விழாவுக்கு மலர் போடுகிறோம், ‘எனது தலைமைப் பயணம்’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள் மேடம் என்று ஹெச்.ஆரிலிருந்து ஒரு பெண் கேட்டாள். எழுதிக் கொடுத்தேன். அச்சாகி வந்ததைப் பார்த்தால், நான் எழுதியதில் மிஞ்சியிருந்தது என் பெயர் மட்டும்தான். “சவால்களை வாய்ப்புகளாக மாற்றினேன்” என்று நான் சொன்னதாக ஒரு வரி. அப்படி ஒரு வாக்கியம் என் வாயில் எந்தக் காலத்திலும் வந்ததில்லை. பேச்சியம்மாளைக் காணோம். சிவப்பு அட்டையைக் காணோம். ஆஸ்பத்திரியைக் காணோம்.

அந்தப் பெண்ணிடம் போய்க் கேட்டேன். “பாசிட்டிவா இருந்தா நல்லா இருக்கும்னு சொன்னாங்க மேடம்” என்றாள். யார் சொன்னார்கள் என்றேன். மேலே கை காட்டினாள். மேலே மின்விசிறிதான் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர்கள் எடுத்துப் போட்டதை இங்கே எழுதுகிறேன். பாசிட்டிவாக இருக்காது.

‘லீடர்’ என்று என்னைப் பார்த்து முதலில் சொன்னவர் என் பாலிடெக்னிக் பிரின்சிபால். அவர் பாராட்டிச் சொல்லவில்லை. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரண்டு பஸ் மாறி அந்தப் பாலிடெக்னிக்குக்குப் போவேன். எலக்ட்ரிகல் பிரிவில் பெண்கள் நாங்கள் ஐந்து பேர். கல்லூரியில் வேறு பெண்களே இல்லை. எங்களுக்கென்று கழிப்பறை ஒன்று கட்டியிருந்தார்கள். வெளியே ‘பெண்கள்’ என்று எழுதியும் இருந்தது. ஆனால் உள்ளே உடைந்த நாற்காலிகளையும் பழைய விடைத்தாள் கட்டுகளையும் அடுக்கி, பெரிய பூட்டாகப் போட்டிருந்தார்கள். காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மாலை வீடு திரும்பும்வரை வேறு வழி கிடையாது. மதியச் சாப்பாட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோவதையே விட்டுவிட்டோம்.

பிரின்சிபாலிடம் போய்ச் சொன்னோம். “பார்ப்போம்” என்றார். அடுத்த மாதமும் சொன்னோம். அப்போதும் “பார்ப்போம்”தான். மூன்றாவது முறை போனபோது, “ஐஞ்சு பேருக்காக ஸ்டோர் ரூமை எங்கம்மா மாத்தறது?” என்று எங்களையே கேட்டார்.

அவர் குடியிருந்தது கல்லூரி வளாகத்துக்குள்ளேயே, மைதானத்தைத் தாண்டி. மறுநாள் பதினோரு மணி இடைவேளையில் ஐந்து பேரும் நேராக அவர் வீட்டுக்கு நடந்தோம். கதவைத் தட்டியது நான். அவர் மனைவி கையில் கரண்டியோடு வந்து திறந்தார்.

“அம்மா, பாத்ரூம் போகணும்.”

“யாரு நீங்கள்லாம்?”

“சார்கிட்ட படிக்கிறோம்மா. காலேஜ்ல எங்களுக்குக் கிடையாது.”

அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார். மறுநாளும் போனோம், அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் போனபோது அவரே கதவைத் திறந்து வைத்திருந்தார். எங்களுக்கு மோர் கொடுத்துவிட்டு, “இன்னைக்கு ராத்திரி அவருக்குச் சாப்பாடு கிடையாது” என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அடுத்த காலை பிரின்சிபால் எங்கள் வகுப்புக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. “இதுக்கெல்லாம் லீடர் யாரு?” என்று கத்தினார். பையன்கள் திரும்பி எங்களைப் பார்த்தார்கள். மற்ற நால்வரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களைத் தப்புச் சொல்ல மாட்டேன். இரண்டு பேருக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. நான் எழுந்து நின்று “நாந்தான் சார்” என்றேன். ஒரு வாரம் வகுப்புக்கு வரக் கூடாது என்றார். நான் திரும்பி வந்தபோது நாற்காலிகளும் விடைத்தாள் கட்டுகளும் வெளியே கிடந்தன. பூட்டையும் காணோம்.

இதைச் சொன்னால் இப்போதுள்ள பெண்கள் சிரிக்கிறார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் ஒரு கழிப்பறைக் கதவைத் திறக்க ஐந்து பெண்கள் ஊரான் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

டிப்ளமோ முடித்ததும் அம்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறையில் சுவிட்ச் பெட்டிக்கு ஒயர் மாட்டினேன். கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், நடுவே சில வருடம் வேலையை விட்டேன். எங்கள் பக்கத்து நிலங்களில் கம்பெனிகள் எழும்பத் தொடங்கியபோது மறுபடி வேலைக்கு விண்ணப்பித்தேன். ஒயர் நிறங்களைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன் என்பதால் எடுத்துக்கொண்டார்கள். சீக்கிரமே லைன் லீடர் ஆனேன். பத்து வருடத்துக்கு மேல் லைன் லீடராகவும் இன்சார்ஜாகவும் லைனில் நின்றிருக்கிறேன்.

லைன் என்றால் என்னவென்று சொன்னால்தான் மற்றது புரியும். ஆளுயரத்துக்குப் பலகைகள், வரிசையாகத் தண்டவாளத்தில் மெல்ல நகர்ந்து வரும். பலகையில் காரின் ஒயர்கள் எப்படிப் போக வேண்டுமோ அப்படிக் கோடு போட்டு, கவைக்கம்பிகள் அடித்திருக்கும். முதல் பெண் நீளமான ஒயர்களைக் கவையில் வைப்பாள். அடுத்தவள் கிளை ஒயர்களைச் சேர்ப்பாள். அதற்கடுத்தவள் முனைகளை ‘டிக்’ என்று சத்தம் வரும்வரை சாக்கெட்டில் தள்ளுவாள். அதன் பிறகு டேப் சுற்றுபவர்கள். ஒருத்தி நகர்ந்தாலும் அவள் செய்ய வேண்டியது செய்யப்படாமலே பலகை போய்விடும். பலகை யாருக்காகவும் நிற்காது.

அதனால்தான் ரிலீவர் என்று ஒருவர் உண்டு. எல்லா இடத்து வேலையும் தெரிந்த பெண். உனக்கு வெளியே போக வேண்டுமானால் கையைத் தூக்குவாய். லீடர் தலையசைப்பாள். ரிலீவர் வந்து உன் பக்கத்தில் நின்று, ஒரு பலகைக்கு நீ செய்வதைப் பார்ப்பாள். அடுத்த பலகை வரும்போது நீ ஓர் அடி பின்னால் போவாய், அவள் ஓர் அடி முன்னால் வருவாள். கை மாறுவதே தெரியாது. எங்கள் லைனில் இரண்டு ரிலீவர்கள் இருந்தார்கள். அந்த இரண்டு பேரால்தான் மற்றவர்கள் மனுஷிகளாக இருந்தார்கள்.

அப்போதுதான் முரளிதரன் சார் பிளான்ட் மேனேஜராக வந்தார்.

அவரைப் பற்றி யாரும் கெட்டதாக ஒரு வார்த்தை சொல்ல முடியாது. குரலை உயர்த்த மாட்டார். கேன்டீனில் எங்களோடு வரிசையில் நின்று தட்டு வாங்குவார். யாருக்குப் பிறந்தநாள் என்று தெரிந்து வைத்துக்கொண்டு லைனுக்கே வந்து வாழ்த்துச் சொல்வார். வயதில் சின்னவளையும் “அம்மா” என்றுதான் கூப்பிடுவார். ‘முடியாது’ என்று அவர் சொல்லி நான் கேட்டதேயில்லை. கேள்வியாகக் கேட்பார். “நீங்க இதை எப்படிப் பாக்கறீங்கம்மா?” என்பார். நாம் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஏற்கெனவே முடிவு செய்ததைச் செய்வார். முதலில் அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கத்துகிற மேலதிகாரிகளையே பார்த்துப் பழகியவளுக்கு மெதுவான குரலே ஒரு மரியாதையாகத் தெரிந்தது.

ஒரு திங்கள்கிழமை லீடர்களையெல்லாம் கூப்பிட்டு, கையகலத்துக்குச் சிவப்பு அட்டை ஒன்றைக் காட்டினார். பிளாஸ்டிக் உறை போட்டு, கழுத்தில் மாட்டிக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தது.

“வயசுக்கு வந்த பொண்ணுங்க, பாத்ரூம் போறதுக்குக் கையைத் தூக்கிக் கேக்கறது எனக்குச் சங்கடமா இருக்கும்மா. இனிமே யாரும் யாரையும் கேக்க வேண்டாம். கொக்கியில கார்டு இருந்தா எடுத்து மாட்டிக்கிட்டுப் போயிட்டு வரலாம். இது அவங்களுக்கு நாம குடுக்கற மரியாதை.”

“லைனுக்கு எத்தனை கார்டு சார்?” என்றேன்.

“ஒண்ணு போதும்மா. ஒழுங்கா இருக்கும்.”

“ரிலீவர்?”

“ஒருத்தர். இன்னொருத்தரை அசெம்பிளிக்கு எடுத்துக்கறோம். நீங்க லீடர், நீங்களும் கை குடுப்பீங்கதானே?”

அவ்வளவுதான். மரியாதை என்ற பெயரில் லைனுக்கு ஒரு ஆள் குறைந்தது.

முதல் நாள் அட்டையை மாட்டிக்கொண்டு போனவள் வாலாஜாபாத் பக்கத்துச் சுமதி. நிரந்தரத் தொழிலாளி, வாய்த்துடுக்கு உள்ளவள். திரும்பி வந்து அட்டையைக் கொக்கியில் எறிந்தாற்போல மாட்டினாள். “இன்னாக்கா இது, மாட்டுக்கு மணி கட்டுன கணக்கா? நான் எங்க போறேன்னு ஷெட்டே பாக்குது. இஸ்கூல்ல கூட நாங்க இப்டி நின்னதில்ல” என்றாள்.

கொக்கி காலியாக இருந்தால் காத்திருக்க வேண்டும். போனவள் வந்தால் அடுத்தவள், அவள் வந்தால் அதற்கடுத்தவள். கழிப்பறை ஷெட்டின் அந்தக் கோடியில். வீட்டுக்குத் தூரமான நாட்களில் இருப்பவர்களுக்கு எல்லோரும் விட்டுக்கொடுப்பார்கள். அதற்காக அவர்கள் எல்லோரிடமும் அதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஒற்றை ரிலீவரும் லீவு போட்டால் நானே பலகைக்கு முன் நின்றேன். நான் ஒருத்தி எத்தனை இடத்தில் நிற்பேன்? சில வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். லைன் ஓரத்து மேஜையில் வரிசையாக இருக்கும் தண்ணீர் பாட்டில்கள் காலையில் எப்படி நிரம்பியிருந்தனவோ அப்படியே மாலையில் பைக்குள் போயின.

முரளிதரன் சாரிடம் போனேன். உட்காரச் சொன்னார். கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

“பாருங்கம்மா. லைனை விட்டுப் போறது எவ்வளவு குறைஞ்சிருக்கு. அவங்களுக்குத் தேவையே அவ்வளவு இல்லைன்னுதானே அர்த்தம்?”

“தேவை குறையல சார். தண்ணி குடிக்கறத நிறுத்திட்டாங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தார். உண்மையாகவே யோசிப்பது போலத்தான் இருந்தது. பிறகு, “அது அவங்க தனிப்பட்ட முடிவும்மா. அதுல கம்பெனி தலையிட முடியாது” என்றார்.

எத்தனையோ மேலதிகாரிகள் என்னைத் திட்டியிருக்கிறார்கள். அந்தத் திட்டெல்லாம் மறந்துவிட்டது. மெதுவான குரலில் சொன்ன இந்த ஒரு வாக்கியம் மட்டும் மறக்கவில்லை.

பேச்சியம்மாள் டேப் சுற்றும் இடத்தில் நின்றவள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண், ஒப்பந்தத் தொழிலாளி, ஒரகடம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஹாஸ்டலில் இருந்தாள். குள்ளமான உருவம். கவைக்கம்பி எட்டாமல் முன்னங்காலில் எம்பி எம்பி நிற்பாள். ஆனால் கை அப்படி ஓடும். புதிதாக வந்தவள் என்பதால் அட்டைக்காக யாரிடமும் முந்திக்கொண்டு போக மாட்டாள். மூத்தவர்கள் போய்வரட்டும் என்று இருந்துவிடுவாள்.

அந்த வாரம் அவள் முகம் சரியில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலுதவி அறைக்கு அனுப்பினேன். காய்ச்சல் மாத்திரை கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் அதே மாத்திரை. “லீவு போட்டுப் போம்மா” என்றேன். “ஒப்பந்தத்தப் புதுப்பிக்கிற மாசம்க்கா. லீவு போட்டா பேர எடுத்துருவாவ” என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நடந்தது. கொக்கியில் அட்டை இல்லை. நான் லைனின் மறுமுனையில், வராத ஒருத்திக்காக நின்றிருந்தேன். சுமதி “அக்கா!” என்று போட்ட சத்தத்தில் திரும்பினேன். பேச்சியம்மாள் குளிரில் நடுங்குவதுபோல நடுங்கிக்கொண்டிருந்தாள். கால்சட்டை நனைந்திருந்தது. தரையும் நனைந்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்க, கை மட்டும் டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தது. பலகை வந்துகொண்டிருந்ததே, அதனால்.

தலைக்குமேல் தொங்கும் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். லைன் நின்றது. நின்றால் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு மெட்டு வரும், குழந்தைப் பொம்மையில் வருமே அதுபோல. அந்த மெட்டு ஷெட் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்க, என் நீலக் கோட்டைக் கழற்றி அவள் இடுப்பில் சுற்றினேன். நெற்றி நெருப்பாகச் சுட்டது. சுமதி எங்கிருந்தோ ஒரு துணியைக் கொண்டுவந்து, யாரும் கேட்காமலே தரையில் மண்டியிட்டுத் துடைத்தாள். லைனில் இருந்த மற்ற பெண்கள் எங்களைச் சுற்றி, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார்கள். பக்கத்து லைன்காரர்கள் யாரும் அவளைப் பார்க்க முடியாதபடி. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கம்பெனி ஆம்புலன்ஸ் வாசலில்தான் நின்றிருந்தது. ஹெச்.ஆரில் அனுமதி வாங்கிக்கொண்டு வரச் சொன்னார் டிரைவர். பேச்சியம்மாளைப் படுக்க வைத்துவிட்டு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். “வண்டிய எடு. அனுமதி நான் தரேன்” என்றேன். எனக்கு அந்த அதிகாரம் கிடையாது என்று அவருக்கும் தெரியும். எடுத்தார்.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர் பார்த்தார். சிறுநீரகம் வரைக்கும் கிருமி போயிருக்கிறது, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து என்றார். “எத்தனை நாளா அடக்கி வச்சிருக்கா இந்தப் பொண்ணு? தண்ணியே குடிக்க மாட்டாளா? நீங்க யாரு?” என்று கேட்டார். சூப்பர்வைசர் என்றேன். என்னை அவர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை முரளிதரன் சார் வாங்கியிருக்க வேண்டும். அவருக்குப் பதிலாக நான் வாங்கினேன்.

அப்போது போன் வந்தது. அதே மெதுவான குரல்.

“ஜெயராணிம்மா, லைன் நின்னிருக்கு. கஸ்டமர்கிட்டேருந்து போன் மேல போன். நீங்க லீடர். லீடர் லைனை விட்டுட்டுப் போகலாமா?”

“லைன் இங்கதான் சார் கட்டில்ல படுத்திருக்கு. டிரிப்ஸ் ஏறுது” என்று சொல்லி வைத்துவிட்டேன். அவர் பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைத்தது அதுவே முதல் தடவை.

மறுநாள் மீட்டிங்கில் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். பேச்சியம்மாள் காலையில் சாப்பிடாமல் வந்திருக்கிறாள். அதனால் மயக்கம். எல்லா லைனிலும் ‘காலை உணவின் அவசியம்’ என்று ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். அதை எடுக்க வேண்டியது நான். எடுக்க மாட்டேன் என்று சொன்னேன். “யோசிச்சுச் சொல்லுங்கம்மா” என்றார் முரளிதரன் சார்.

இதற்கிடையில், எங்களிடம் ஒயரிங் வாங்கும் கார் கம்பெனியிலிருந்து ஆடிட் வருகிறது என்று சேதி வந்தது. ஷெட்டுக்குப் புது பெயின்ட் அடித்தார்கள். ஆடிட் அன்று காலையில் ஹெச்.ஆர் ஆள் ஒருவர் லைன் லைனாகப் போய்ச் சிவப்பு அட்டைகளைக் கழற்றினார். கொக்கிகளில் செயற்கைப் பூச்சரம் மாட்டினார்கள். பூச்சரம்! அதைப் பார்த்ததும் எனக்கு இருந்த கொஞ்ச நஞ்சப் பொறுமையும் போய்விட்டது. அவர் லைன் மூன்றுக்கு வருவதற்குள் எங்கள் அட்டையை எடுத்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். கொக்கி காலியாக இருந்ததால் யாரோ ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துப் போய்விட்டார்.

ஆடிட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். வயதான ஒருவர், இளம்பெண் ஒருத்தி. எங்கள் லைனுக்கு அவர்கள் திரும்பியபோது அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அவர்கள் எதிரில் போய் நின்றேன். முரளிதரன் சார் என் கழுத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறவில்லை. அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

“இது என்னங்க?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“விஷுவல் மேனேஜ்மென்ட்” என்றார் சார், எனக்கு முன்னால்.

“அவங்க சொல்லட்டும் சார்” என்றாள் அவள்.

சொன்னேன். இது கழுத்தில் இருந்தால்தான் கழிப்பறைக்குப் போகலாம், லைனுக்கு இது ஒன்றுதான், போன வாரம் இதற்காகக் காத்து நின்ற பெண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். அந்தப் பெண் லைனைப் பார்த்து, “அப்படியாங்க?” என்றாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பலகைகள் போய்க்கொண்டிருந்தன.

சுமதிதான் முதலில் பேசினாள். டேப் சுற்றுவதை நிறுத்தாமலே, “ஆமாங்க. அது கொக்கியில இல்லன்னா அடக்கிகினுதான் நிக்கணும். வேற இன்னா பண்றது? பேச்சி நின்னுகினே போயிட்டா பாவம். வந்து கேக்கறவங்க அப்பவே வந்திருக்கக் கூடாதா?” என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொருத்தியாகப் பேசினார்கள்.

அந்த மாதமே அட்டை ஒழிந்தது. இரண்டாவது ரிலீவர் திரும்பி வந்தாள். இது நல்ல முடிவு என்று நினைப்பவர்கள் இதற்குப் பிறகு நடந்ததையும் கேட்க வேண்டும்.

ஹெச்.ஆரில் என்னை உட்கார வைத்து, இதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள், எந்த யூனியன், யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார்கள். எனக்கு முன்னால்தான் ஆள் இருந்தது, பின்னால் யாரும் இல்லை என்றேன். அடுத்த வாரம் பயிற்சி அறைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு என்றே சொன்னார்கள். அதன்பின் ஓய்வு பெறும்வரை ஒரு லைனைக்கூட என் பொறுப்பில் விடவில்லை.

பேச்சியம்மாளுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. “உடம்பு சரியில்லாத பொண்ணு மேடம், எங்களால ரிஸ்க் எடுக்க முடியாது” என்றான் கான்டிராக்டர் ஆள். ஹாஸ்டலுக்குப் போனேன். கட்டிலில் பையை வைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“ஆடிட்ல எம் பேரச் சொல்லச் சொல்லி ஒங்கள யாருக்கா கேட்டா?”

“பேரைச் சொல்லலம்மா. நடந்ததைத்தான் சொன்னேன்.”

“எல்லாத்துக்கும் தெரிஞ்சி போச்சில்லா. லைன்ல நின்னுக்கிட்டே போனவ இவதான்னு. ஒங்களுக்கென்ன, வேற ரூம்ல ஒக்காத்திட்டாவ. நான் ஊருக்குப் போயி எங்கம்மைகிட்ட என்னன்னு சொல்ல?”

அவள் கோபம் நியாயம். ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. அந்த இடத்துக்குள் நுழைய அவளுக்கு அனுமதி இல்லை. கைக்கு எட்டியவள் நான் மட்டுந்தான். ஆகவே நின்று கேட்டுக்கொண்டேன். பஸ் ஏற்றிவிட வரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். அங்கிருந்து வெளியே வந்து கூட்டு ரோடு வரைக்கும் நடந்தேன். வழியில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெண்களை ஏற்றிக்கொண்டு போயின. அன்றைக்கு இருந்த கோபத்தில் கல்லை எடுத்து எறிந்திருப்பேன். எதன்மேல் எறிவது என்றுதான் தெரியவில்லை.

அந்த வருட ஆண்டு விழாவில் முரளிதரன் சாருக்குக் கேடயம் கொடுத்தார்கள். மக்களை வழிநடத்துவதில் சிறந்த தலைவர் என்று. பெண் தொழிலாளர்களின் குரலைக் கேட்டு ஓய்வு இடைவேளை முறையை மாற்றி அமைத்தாராம். தொகுப்பாளர் படித்தபோது என் காதையே நம்ப முடியவில்லை. அட்டையைக் கொண்டுவந்ததும் அவர், அதை ஒழித்ததற்காகக் கேடயம் வாங்குவதும் அவர். கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மைக்கில் பேசினார்.

“இது என் ஒருத்தனோட வெற்றி இல்லை. தைரியமா பேசின ஜெயராணிம்மா மேடைக்கு வரணும்.”

கைதட்டினார்கள். போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். சுமதி பின்னாலிருந்து முதுகில் தட்டி, “போக்கா, போய்ப் பேசு” என்றாள். மேடை ஏறினேன். போட்டோ எடுப்பவர் நெருங்கி நிற்கச் சொன்னார். சார் கேடயத்தின் ஒரு ஓரத்தை என் பக்கம் நீட்டினார். நான் அதைப் பிடிக்கவில்லை. மைக்கை வாங்கினேன்.

“பேச்சியம்மாள் எங்க சார்?”

சார் என் பக்கம் குனிந்தார். மைக் எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவர் அதைக் கவனிக்கவில்லை. வழக்கம்போல மெதுவாக, அக்கறையோடு கேட்டார்.

“யாரும்மா அது?”

கடைசி வரிசை வரை கேட்டது. பிறந்தநாள் எல்லாம் தெரிந்து வைத்திருந்தவர்! நடித்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். அவர் நடிக்கவில்லை. ஒப்பந்தப் பெண்களின் பெயர் அவருடைய பட்டியலில் இல்லை, அவ்வளவுதான். லைன் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து ஒருத்தி “பேச்சியம்மாள்!” என்று கத்தினாள். இன்னொருத்தி கத்தினாள். பிறகு எல்லோரும். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. ஹெச்.ஆர் ஆள் ஓடி வந்து மைக்கைப் பிடுங்கி, சாப்பாடு தயாராக இருக்கிறது என்று அறிவித்தார்.

இரண்டு நாள் கழித்து, தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

“எக்கா, நான் பேச்சி.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“மேடைல எம் பேரச் சொன்னீயளாமே. ஹாஸ்டல் பிள்ளைய போன் போட்டுச் சொன்னாளுவ.”

“ஆமாம்மா. கோவமா?”

“மைக்குலயாக்கா?”

“மைக்குலதான்.”

“மேனேஜர் முன்னாலயேவா?”

“அவர்கிட்டதான் கேட்டேன். உன்னைத் தெரியலைன்னார்.”

“தெரியாதா?” என்றாள். “தெனம் குட் மார்னிங் சொல்லுவாரேக்கா.”

உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். தேவலை என்றாள். சங்கரன்கோவிலில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிறாளாம். சம்பளம் அங்கே வாங்கியதைவிடக் குறைவுதான். நாள் முழுக்க நிற்க வேண்டும், உட்கார ஸ்டூல்கூடக் கிடையாது. ஆனால் ஒரு நல்லது உண்டு என்று சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம் தெரிந்தது.

“இங்க யாருட்டயும் கேக்க வேண்டாம்க்கா. தண்ணி வேணுங்கிற மட்டும் குடிக்கேன். வந்துச்சுன்னா நான் பாட்டுக்குப் போயிட்டு வந்துருதேன்.”

இருபத்தோரு வயதுப் பெண், இந்தக் காலத்தில், ஏதோ பெரிய சலுகை கிடைத்துவிட்டது போல இதை என்னிடம் போன் போட்டுச் சொல்கிறாள். நல்லதும்மா என்றேன். வேறு என்ன சொல்ல?